ஆவாரம்பட்டையும் நாயின் கழுத்தும்

நாய்க்கு பெல்ட் வாங்க வருகிறவர்கள் பக்கிளைப் பார்ப்பார்கள், நிறத்தைப் பார்ப்பார்கள், மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார்கள். வெட்டிய விளிம்பைப் பார்ப்பவர்கள் குறைவு. கடையில் நான் முதலில் காட்டுவது அதைத்தான். வாரைக் குறுக்கே வெட்டினால் மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பாக இருக்கிறதா, அது மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோல். மேலும் கீழும் சாயம், நடுவில் நீலம் ஓடிய சாம்பல் நிறம் என்றால் குரோம் உப்பில் பதனிட்ட குரோம் தோல். நடுவில் நாரே தெரியாமல் பொடியை அமுக்கிவைத்த மாதிரி இருந்தால், தோல் துகளைப் பசையில் பிசைந்து தகடாக்கி மேலே பிளாஸ்டிக் பூசியது. அதன்மேல் அசல் லெதர் என்று பொன்னெழுத்தில் அச்சடித்திருந்தாலும் நாயைக் கட்ட உதவாது. முப்பது கிலோ லாப்ரடார் பூனையைக் கண்டு ஒரு தாவு தாவினால் பக்கிள் துளையில் பிய்ந்துவிடும்.

நான் நாஞ்சில் நாட்டுக்காரன். 1956 நவம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் எங்கள் பக்கத்து ஆட்கள் பலருக்குப் பிழைப்பு திருவனந்தபுரத்தில்தான் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் சாலைக் கடைத்தெருவை ஒட்டிய ஒரு சந்தில் தோல் வேலை செய்த பெரியவரிடம் சேர்ந்தேன். ஆசான் என்று கூப்பிடுவோம். வண்டி மாட்டுக்குக் கழுத்து வார், குதிரைக்குக் கடிவாள வார், பெட்டிக்குப் பட்டை, கோயில் யானைக்கு மணி கோக்கும் வார் என்று எல்லாம் அவர் கையில் நடக்கும். நாய் பெல்ட் அப்போது தனித் தொழில் இல்லை. கவடியாரிலும் நந்தன்கோட்டிலும் பெரிய வீடுகளில் அல்சேஷன் வைத்திருந்தவர்கள் டிரைவரை அனுப்பிச் சொல்லிச் செய்து வாங்குவார்கள். மற்ற வீட்டு நாய்களுக்கு இரும்புச் சங்கிலி, இல்லையென்றால் கயிறு. எங்கள் கடற்கரையில் தென்னைநார்க் கயிற்றுக்குக் குறைவில்லை. அஞ்சுதெங்குக் கயிறு என்றால் வெளிநாட்டு வியாபாரிக்கும் தெரியும். ஆனால் அந்தக் கயிறு மழையில் நனைந்து கழுத்தில் உரசினால் இரண்டு வாரத்தில் ரோமம் போய்விடும், அப்புறம் புண். தோலில் பெல்ட் செய்து போடுவதற்குக் காரணமே அதுதான். தோல் வளையும், கழுத்தின் உருவத்துக்குப் படியும், ரோமத்தை அறுக்காது.

ஆசானுக்குத் தோல் ஈரோட்டிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வரும். எருமைத் தோல், மாட்டுத் தோல் இரண்டும் உண்டு. எல்லாம் பட்டைத் தோல். சுண்ணாம்புக் குழியில் போட்டு முடி கழித்து, சதை சீவி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து, கடைசியில் கடுக்காய்த் தண்ணீரும் புங்க எண்ணெயும் காட்டி எடுத்தது. வெள்ளைக்காரன் காலத்தில் மதராசிலிருந்து கப்பலேறிப் போன இந்தச் சரக்குக்கு ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று பெயர். இப்போது அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. கட்டைப் பிரித்ததும் கடை முழுக்க ஒரு மண்வாசனையும் கடுக்காய் வாசனையும் நிற்கும்.

அவரிடம் கற்றதில் இன்றும் நான் மாற்றாமல் வைத்திருப்பது தோலில் இடம் பார்ப்பது. ஒரு முழுத் தோலில் முதுகுப் பகுதிதான் இறுக்கமானது. தோள்பக்கம் சுருக்கம் இருக்கும். வயிற்றுப்பக்கம் தளர்ந்தது, இழுத்தால் நீளும். நாயைப் பிடித்து நடத்தும் வார் ஆறடி வேண்டுமென்றால் முதுகெலும்புக்கு இணையாக, ஒட்டுப் போடாமல் ஒரே நீளமாக எடுக்க வேண்டும். மூன்றரை மில்லிமீட்டர் கனமாவது வேண்டும். வயிற்றில் வெட்டினால் ஒரு தோலில் இன்னும் பத்து வார் கூடுதலாகக் கிடைக்கும், விலையும் குறையும். ஒரு மாதம் நாய் இழுத்ததும் ஆறடி வார் ஆறரை அடியாகி ஓரிடத்தில் மெலிந்துபோய் நிற்கும். மலிவான வாருக்கும் விலை கூடிய வாருக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, மாட்டின் எந்த இடம் என்பதில் இருக்கிறது. மீதிப் பாதிதான் எதில் பதனிட்டது என்பது.

அந்த மீதிப் பாதியை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஆசான் இல்லை, நாய்கள்.

எண்பதுகளின் பிற்பாதியில் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஏற்றுமதிச் செருப்பும் ஷூவும் பெருகின. அங்கே வெட்டி மிஞ்சிய துண்டுகளும், சாயம் சரியாக ஏறாததால் கழிக்கப்பட்ட சரக்கும் கிலோக் கணக்கில் தெற்கே வரத் தொடங்கின. எல்லாம் குரோம் தோல். மெத்தென்று இருக்கும், எந்த நிறமும் கிடைக்கும், ஆவாரம்பட்டைத் தோலின் பாதி விலை. பட்டைக்குழியில் வாரக்கணக்கில் ஆகிற வேலையை குரோம் உப்பு ஒரு நாளில் முடித்துவிடும். இரண்டு மூன்று வருஷத்தில் ஊரெல்லாம் சிவப்பு, நீல பெல்ட்டுகள்.

ஒரு ரிட்டையர்ட் டீச்சர் தன் பொமரேனியனைத் தூக்கிக்கொண்டு வந்தார். கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு ரோமம் இல்லை; தோல் சிவந்து கசிந்துகொண்டிருந்தது. "அண்ணாச்சி, வாங்கி ஒரு மாசம்கூட ஆகல. டாக்டர் களிம்பு குடுத்தார், ஆறுது, திரும்ப வருது" என்றார். வேறு கடையில் வாங்கிய சிவப்பு பெல்ட். கழற்றி வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்தேன். துணி முழுக்கச் சாயம். அவரிடம் கேட்டதில் நாயை வாரத்துக்கு ஒருமுறை பெல்ட்டோடு குளிப்பாட்டுவதும், பெல்ட்டைச் சலவை சோப்பில் தேய்த்து மொட்டைமாடியில் வெயிலில் காயப்போடுவதும் தெரிந்தது. பட்டைத் தோலில் சாயமில்லாத ஒரு பெல்ட்டைக் கொடுத்து, குளிக்கும்போது கழற்றச் சொன்னேன். புண் ஆறியது. அதே மாதிரி இன்னும் சில நாய்கள் வந்தன. எல்லாவற்றிலும் சாயம், சோப்பு, வெயில் மூன்றும் சேர்ந்தே இருந்தன. இவை மூன்றும் சேர்ந்தால் தோலுக்கு என்ன ஆகும் என்று விளங்க எனக்கு வெகுகாலம் பிடித்தது.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில்தான் வியர்க்கும். ஆகவே வியர்வைதான் காரணம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதன் மேல்தோல் நம் தோலைவிட மெல்லியது; ரோமம்தான் அதற்குக் காவல். பெல்ட் உரசுகிற இடத்தில் அந்தக் காவல் முதலில் போகிறது. அங்கே ஈரமும் நிற்கும். தோலிலிருந்து எது கசிந்தாலும் நேராக உடம்பில் இறங்கும். பக்கத்தில் இன்னொரு நாய் இருந்தால் அது இதன் பெல்ட்டைக் கடித்து விளையாடும். குட்டிகள் வாரையே மென்று தின்னும். மனிதர் யாரும் தன் இடுப்பு பெல்ட்டை மெல்லுவதில்லை. நாய் பெல்ட்டுக்கு மனிதர் பெல்ட்டைவிடக் கூடுதல் கவனம் வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

குரோமைப் பற்றி இரண்டு பக்கமும் மிகைப்படுத்திப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். தோலைப் பதனிடுவதற்குப் போடுவது மூன்றாம் நிலை குரோமியம். ஒழுங்காகப் பதனிட்டு, கழுவி, மேலே கொஞ்சம் தாவர டானினும் ஏற்றிய தோலில் அது நாரோடு இறுகிக் கிடக்கும். சும்மா கசிந்து வராது. ஆபத்து ஆறாம் நிலைக் குரோமியம். அதை யாரும் வேண்டுமென்று போடுவதில்லை. மட்டமாகச் செய்த தோலில், மூன்றாம் நிலையே சூட்டிலும் வெயிலிலும் காரத்திலும், மீனெண்ணெய் போன்ற எளிதில் கெடும் எண்ணெய்கள் பட்டும் ஆறாம் நிலையாக மாறும். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் ஒரு பயிலரங்கில் இதைக் கேட்டபோது எனக்கு அந்த டீச்சரின் மொட்டைமாடி ஞாபகம் வந்தது. சலவை சோப்பின் காரம், கொதிக்கும் சிமெண்ட் தரை, நண்பகல் வெயில்: மட்டமான குரோம் தோலைக் கெடுக்க ஒருவர் திட்டம் போட்டால்கூட இதைவிட நன்றாகச் செய்ய முடியாது. அந்த நாய்களுக்குக் குரோமியம்தான் காரணமா, கசிந்த சாயமா, துவைத்தபின் தோலில் தங்கிய சோப்பா என்று நான் யாரும் சோதித்துச் சொல்லிக் கேட்கவில்லை. மூன்றுக்கும் மருந்து ஒன்றேதான், சாயமில்லாத பட்டைத் தோலைப் போட்டுக் குளிக்கும்போது கழற்றுவது, என்பது மட்டும் தெரிந்தது.

1948இல் தொடங்கிய அந்த ஆராய்ச்சி நிலையத்தை உலகம் அறியச் செய்தவர் விஞ்ஞானி நாயுடம்மா. 1985இல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமான வெடிப்பில் இறந்துபோனார். அவரை நான் பார்த்ததில்லை. அங்கே ஆய்வுக்கூடத்தில் தோல் மாதிரி கொடுத்து ஆறாம் நிலைக் குரோமியம், சாயம், பூஞ்சைக்கொல்லி என்று தனித்தனியாகச் சோதித்து வாங்கலாம் என்பதை எங்கள் தெருவில் எத்தனை பேர் அறிவார்கள்? ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல், தோலில் படுகிற எந்தத் தோற்பொருளிலும் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் ஆறாம் நிலைக் குரோமியம் இருக்கக் கூடாது என்று விதித்திருக்கிறது. அது மனிதத் தோலை மனத்தில் வைத்து எழுதிய விதி. வாரின் ஒரு முனை மனிதர் கையில்தானே இருக்கிறது. மறுமுனைக்கும் அதே அளவு போதும் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வெளிநாட்டு விதிகள் நம் ஊர்த் தோலை எப்படி மாற்றின என்பதை இந்தத் தொழிலில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்தோம். 1989இல் ஜெர்மனி பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தடைசெய்தது. அதுவரை தோலில் பூசணம் பிடிக்காமலிருக்க அதைத்தான் தாராளமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கப்பலேறிய சரக்கு திரும்பி வரும் என்ற பயத்தில் மருந்தை மாற்றினார்கள். தொண்ணூறுகளின் நடுவில் சில அசோ சாயங்களுக்குத் தடை வந்தது. சிதைந்தால் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகிற சாயங்கள் அவை. இந்தியாவிலும் அந்த வகைச் சாயங்கள் தடைசெய்யப்பட்டன. இதெல்லாம் நல்லது. ஆனால் எனக்கு உறுத்திய ஒன்று உண்டு. ஏற்றுமதிச் சோதனையில் தேறாத சரக்கை யாரும் கொளுத்துவதில்லை. அது உள்ளூர்ச் சந்தைக்கு வரும், கிலோ கணக்கில். இடுப்பு பெல்ட்டுக்கும் பர்சுக்கும் எடுத்தது போக, கடைசியாக மிஞ்சுவது நாய் பெல்ட்டுக்குப் போகும். தோல் வியாபாரத்தில் நாய் எப்போதும் வரிசையின் கடைசியில் நிற்கிற வாடிக்கையாளர். இன்றும் ஒரு வியாபாரி "இது நாய் பெல்ட்டுக்குத்தானே அண்ணாச்சி, இது போதும்" என்று சொன்னால் அந்தக் கட்டை நான் பிரிக்கவே மாட்டேன்.

தோல் வாங்கப் போன இடங்களில் ஆற்றையும் பார்க்க வேண்டியிருந்தது. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் ராணிப்பேட்டைக்கும் போகிறவர்கள் பாலாற்றைப் பார்க்காமல் இருக்க முடியாது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்புச் சொன்னது. தோல் ஷாப் என்று நாங்கள் சொல்லும் பதனிடும் ஆலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். கழிவைச் சுத்திகரிக்காதவை மூடப்பட வேண்டும். மாசு செய்தவரே அதற்கு ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. தோல் ஷாப்புகள் சூழ்ந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழாகிவிட்டது என்றும், ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் செலவாகிறது என்றும் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது.

அதிலேயே திண்டுக்கல் பற்றியும் ஒரு கணக்கு வருகிறது. 13 கிராமங்களில் குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்று ஒரு தன்னார்வ அமைப்பின் ஆய்வு சொன்னது. திண்டுக்கல் பட்டைத் தோலுக்குப் பேர்போன ஊர். எங்கள் ஆசானின் தோல் வந்த ஊர். "குரோம்தான் விஷம், பட்டை இயற்கை, பட்டைத் தோல் வாங்கினால் பாவமில்லை" என்று நம்புகிறவர்கள் அந்த எண்ணைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அறுத்த இடத்திலேயே உப்பு அப்புகிறார்கள். தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உப்பு போகும். பட்டையோ குரோமோ, முதல் ஊறலில் அந்த உப்பில் பெரும்பகுதி தண்ணீரில் இறங்குகிறது. அடுத்தது சுண்ணாம்பு. கிணற்றைக் கரிக்கச் செய்வது பெரும்பாலும் இந்த உப்புதான். குரோமின் குற்றம் தனி: போட்ட குரோமில் பெரும்பங்கு தோலில் ஏறினாலும் கணிசமான பங்கு கழிவுநீரில் போய்விடுகிறது, மண்ணில் தங்குகிறது. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுமலை இன்னும் அங்கே இருக்கிறது.

2015 ஜனவரி 31 அன்று விடிவதற்கு முன் ராணிப்பேட்டை சிட்கோவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். தோலைப் பற்றி அழகாகப் பேசும் எவரிடமும் அந்த இரவைப் பற்றி நான் கேட்பதுண்டு. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பாலாற்றுப் பாழைப் பற்றி மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது.

ஆகையால் நான் தோல் எடுக்கிற இடத்தில் என்ன மரப்பட்டை என்று கேட்பதற்கு முன் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கிறேன். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு குழாய் இணைப்பு இருக்கிறதா, உப்பைத் தோலிலிருந்து உதறித் தனியே எடுக்கிறார்களா, குழியில் இறங்குகிறவர்கள் காலில் பூட்ஸ் இருக்கிறதா, கையில் உறை இருக்கிறதா. குரோம் தண்ணீரில் வருஷக்கணக்கில் வெறுங்கையோடு வேலை செய்தவர்களின் விரல் நடுவே துளைத்துப்போன புண்களைப் பார்த்திருக்கிறேன். தலைமுறை தலைமுறையாகச் சாதியின் பெயரால் இந்த வேலைக்குள் தள்ளப்பட்டவர்கள் அவர்கள். அவர்கள் கையைக் காக்காத தோல், நாயின் கழுத்துக்குப் பாதுகாப்பானது என்று எனக்கு விற்கத் தெரியாது. 2005 முதல் லெதர் வொர்க்கிங் குரூப் என்ற சர்வதேச அமைப்பு தோல் ஷாப்புகளைத் தணிக்கை செய்து தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் கொடுக்கிறது. அந்தச் சான்று இருந்தால் நல்லது. அது ஆலையைப் பற்றிய சான்று, உங்கள் கையில் இருக்கும் வாரைப் பற்றியது அல்ல என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வாருக்குத் தனியாக ஆய்வுக்கூட அறிக்கை வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் நான் பட்டைத் தோலிலேயே நிற்பதற்குக் காரணம் என்ன? நாய் மென்றாலும் குரோமியம் வயிற்றுக்குப் போகாது என்பது ஒன்று. வெட்டித் தைத்து மிஞ்சிய துண்டில் குரோமியம் இல்லை என்பது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, வயது. முதுகுப் பகுதியில் எடுத்து இரண்டு ஊசியால் மெழுகு நூலில் தைத்த பெல்ட், கவனித்தால் ஒரு நாயின் ஆயுளுக்கு வரும். தையல் விட்டால் மறுபடி தைக்கலாம், பக்கிள் தேய்ந்தால் மாற்றலாம். ஒரு மாட்டின் தோலை, அத்தனை தண்ணீரும் உப்பும் செலவழித்த பிறகு, ஒரு வருஷத்தில் குப்பையில் போடுவதைப் போல வீண் வேறில்லை. ஆவாரை இப்போது அவ்வளவாகக் கிடைப்பதில்லை. பெரும்பாலும் வாட்டில் மரத்தின் பட்டைதான். தோலின் நிறம் கொஞ்சம் சிவக்கிறது, தரத்தில் குறையில்லை.

வீட்டிலேயே பட்டையா குரோமா என்று அறிய இரண்டு வழி சொல்லிக்கொடுப்பேன். ஒரு சின்னத் துண்டை வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போடுங்கள். பட்டைத் தோல் சுருண்டு விறைத்துவிடும், குரோம் தோல் அப்படியே கிடக்கும். அல்லது நனைத்த துண்டின்மேல் துருப்பிடித்த ஆணியை ஒரு இரவு வைத்துப் பாருங்கள். பட்டைத் தோல் என்றால் காலையில் மையாகக் கறுத்திருக்கும். டானினும் இரும்பும் சேர்ந்தால் மைதான்.

அதே காரணத்தால்தான் பட்டைத் தோலில் இரும்பு பக்கிள் போடக் கூடாது. திருவனந்தபுரத்தின் கடல்காற்றில் முலாம் பூசிய இரும்பு ஒரு மழைக்காலம் தாங்காது. முலாம் உதிர்ந்ததும் ரிவிட்டைச் சுற்றித் தோல் கறுக்கும், கறுத்த இடம் வெடிக்கும், கறை நாயின் கழுத்துக்கும் போகும். துத்தநாக வார்ப்புக் கொக்கி பளபளப்பாக இருக்கும். இழுவையில் சொல்லாமல் உடையும், அதுவும் சாலை நடுவில். ஆகவே கெட்டிப் பித்தளை அல்லது எவர்சில்வர்தான் போட வேண்டும். பித்தளையில் தோலின் எண்ணெய் பட்டுப் பச்சைக் களிம்பு கட்டும். நாய் நக்குவதற்கு முன் துணியால் துடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

நிறம் பற்றிப் பேச வைத்தவை நாட்டு நாய்கள். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசியபின் இங்கேயும் அவற்றை வளர்க்கிறவர்கள் கூடினார்கள். ராஜபாளையம் வெள்ளை நாய். ரோமம் குட்டை, அடியில் தோல் இளஞ்சிவப்பு. கறுப்பு பெல்ட் போட்டு முதல் மழையில் நனைந்தால் கழுத்தில் கரிக்கோடு விழும். அதற்கு நான் சாயமே போடாத, எண்ணெய் மட்டும் காட்டிய பட்டைத் தோல்தான் தருவேன்; வெயில் பட்டுப் பட்டு அது தானாகவே தேன் நிறத்துக்கு வரும். சிப்பிப்பாறையின் சிக்கல் வேறு. அதன் தலை கழுத்தைவிடப் பெரிதில்லை. சாதாரண பெல்ட்டை ஒரு பின்வாங்கலில் உருவிக்கொண்டு ஓடிவிடும். இறுக்கிக் கட்டினால் மூச்சுக்குழல் அழுந்தும். கழுத்தின் நடுவில் அகலமாக, உள்ளே மெல்லிய ஆட்டுத்தோல் வைத்து, இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் செய்ய வேண்டும். பக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு நான் கழுத்து பெல்ட்டே விற்பதில்லை, மார்பைச் சுற்றி மாட்டும் வார் தைத்துத் தருவேன். எந்த நாய்க்கும் பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் புக வேண்டும்.

ரெக்சினும், இப்போது வீகன் லெதர் என்ற பெயரில் வருவதும் எங்கள் ஊர் ஈரக்காற்றுக்குச் சரிப்படவில்லை. பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தில் சிதையும். இரண்டு மழைக்காலத்தில் செதில் செதிலாக உரியும். அந்தச் செதிலைத் தின்னும் நாயையும், பிளாஸ்டிக்காகவே பூமியில் கிடக்கப்போகும் மீதியையும் நினைத்தால் அதைப் பசுமையான பொருள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மிருகத் தோல் வேண்டாம் என்று கொள்கையாக இருப்பவர்களை நான் மதிக்கிறேன். அவர்களுக்கு அடர்த்தியாக நெய்த பருத்திப் பட்டையைத்தான் காட்டுவேன். கேரளத்தில் தேங்காய்த் தண்ணீரில் பாக்டீரியா வளர்த்து, நாரோடு சேர்த்து மலாய் என்ற தகடு செய்கிறார்கள். பர்சுக்கும் பைக்கும் அருமையான பொருள். பெரிய நாயின் இழுப்புக்கு அதை நம்பலாம் என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

மழைக்காலம்தான் இங்கே தோலுக்குப் பரீட்சை. எடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும், பிறகு வடகிழக்குப் பருவமழையான துலாவர்ஷத்திலும், அலமாரியில் வைத்த பெல்ட்டில் வெள்ளைப் பூசணம் பூக்கும். இதற்குப் பயந்து சில சரக்கில் பூசணத்தடுப்புப் பொட்டலம் போட்டு வரும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா என்றால் பரவாயில்லை. டைமெத்தில் ஃபியூமரேட் போட்ட பொட்டலங்களால் ஐரோப்பாவில் சோபாவில் உட்கார்ந்தவர்களுக்கே உடம்பு வெந்தது; 2009இல் அங்கே தடைசெய்தார்கள். பொட்டலத்தில் என்ன என்று எழுதாத சரக்கை நான் எடுப்பதில்லை. பட்டைத் தோலில் பூசணம் வந்தால் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் மின்விசிறிக்கு அடியில் இரண்டு நாள் தொங்கவிட்டால் போதும். வெயிலில் போடாதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள். எங்கள் வாடிக்கையாளர்களிடம் நான் தோற்றுப்போகும் இடம் தேங்காய் எண்ணெய். எல்லாவற்றுக்கும் அதைத்தான் தடவுவார்கள். வருஷத்துக்கு இருமுறை, உள்ளங்கையில் தேய்த்து மிஞ்சிய அளவு போதும். ஊறும்படி ஊற்றினால் தோல் துவண்டு, பூசணத்துக்கே தீனியாகிவிடும்.

2021 ஜூனில் விழிஞ்ஞத்துக்குப் பக்கத்தில் அடிமலத்துறைக் கடற்கரையில் புரூனோ என்ற லாப்ரடாரைக் கட்டிவைத்து அடித்துக் கொன்றார்கள். கேரள உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்குக்கு அந்த நாயின் பெயரையே வைத்தது. வளர்ப்பு நாய்களுக்கு உரிமம் பெற வேண்டும் என்பதை உள்ளாட்சிகள் அமல்படுத்த வேண்டும் என்ற உத்தரவும் அதில் வந்தது. அதன்பிறகு பெல்ட்டில் உரிமத் தகடும் போன் நம்பரும் கோக்க ஒரு தட்டை வளையம் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். தொங்கும் தகடு தட்டித் தட்டி ஓசை எழுப்பும், செடியில் மாட்டும்; அதனால் பித்தளைத் தகட்டைப் பெல்ட்டிலேயே படுக்கவைத்து ரிவிட் அடித்துத் தருகிறேன். கூடவே ஒன்று கேட்பேன்: பகல் முழுக்கக் கட்டிப்போடவா வாங்குகிறீர்கள்? 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11ஆம் பிரிவில், நெடுநேரம் மிகக் குட்டையான அல்லது மிகக் கனத்த சங்கிலியில் கட்டிவைப்பது குற்றம். கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்கவிடாமல் இருப்பதும் குற்றம். எவ்வளவு நல்ல தோலாக இருந்தாலும் இருபது மணி நேரம் ஒரே இடத்தில் உரசினால் புண்தான். ராத்திரி பெல்ட்டைக் கழற்றிவிடச் சொல்கிறேன். கழுத்தும் காயும், தோலும் காயும்.

ஈரோட்டில் எனக்குத் தோல் தருகிறவர் இப்போது குழியைக் குறைத்துக்கொண்டு வருகிறார். மகன் டிரம்மில் சில நாளில் முடிக்கும் முறைக்குப் போக வேண்டும் என்கிறார். தண்ணீர் பாதிதான் செலவாகிறதாம். இரண்டு முறையிலும் எடுத்த எருமை முதுகுத் துண்டை அனுப்பியிருந்தார்கள். டிரம் தோலில் நடுப்பகுதி ஒரு நூலளவு வெளிறியிருந்தது, பட்டைத் தண்ணீர் உள்ளே போய்ச் சேரவில்லை. இன்னும் இரண்டு நாள் கூடுதலாக ஓட்டச் சொல்லி, மெல்லிய பெல்ட் தோலை மட்டும் டிரம்மில் எடுத்துக்கொள்கிறேன், வாருக்கான கனத்த தோல் குழியிலேயே வரட்டும் என்று எழுதியிருக்கிறேன். துலாவர்ஷம் முடிந்ததும் அடுத்த கட்டு வரும். வந்ததும் குறுக்கே வெட்டிப் பார்ப்பேன், ஒரு துண்டை அடையாறுக்கும் அனுப்புவேன்.